பெரியம்மா எழுந்து போன வியாழக்கிழமை

பெரியம்மாவின் வலது கை என் கைக்குள் அரை நிமிடம்கூட இருந்திருக்காது. குளிர்ந்து, சொரசொரப்பாக, எலும்பு தட்டுப்படும் கை. அதற்குள் ஒரு பேனையைத் திணித்து, மேலே என் கையை வைத்து, ஒரு கடதாசியில் அவர் பெயரின் முதல் எழுத்தை எழுத வைக்கப் பார்த்தேன். 

நான் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. தோட்டத்து மாதர் சங்கத்தின் செயலாளரும் நான்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓவியமும் களிமண் வேலையும் பாட்டும் சொல்லிக்கொடுக்க, ஊர்ச் சங்கங்களைப் பழக்கும் திட்டம் ஒன்றைக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் தொடங்கியபோது, சங்கத்தின் சார்பில் என்னை அனுப்பினார்கள். பயிற்சி ஹட்டனில் சனிக்கிழமைகளில் நடந்தது. பயிற்றுவித்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நாங்கள் அவரை ‘மிஸ்’ என்றோம், அவர் எங்களை ‘அக்கா’ என்றார். முதல் நாளே எல்லோரையும் இடது கையால் ஒரு தேநீர்க் கோப்பையை வரையச் சொன்னார். என் கோப்பை பிதுங்கிப்போன தகரம் மாதிரி வந்தது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று கையால் மறைத்துக்கொண்டேன். “மறைச்சீங்கதானே அக்கா? அவங்களுக்கும் இப்பிடித்தான் இருக்கும். அதனால அவங்க கையைப் பிடிக்காதீங்க. கோணலா வந்தா கோணலாவே இருக்கட்டும்,” என்றார். நான் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டேன். ஆனால் பதினைந்து வருடமாகச் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து ‘அ’ எழுதப் பழக்கிய கை என்னுடையது.

வகுப்பை வியாழக்கிழமைகளில் முன்பள்ளிக் கட்டடத்திலேயே வைத்தோம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நாலாவது வீட்டில் இருந்தவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். எனக்கு இரத்த உறவு இல்லை, ஆனால் லயமே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். எழுபத்தைந்து வயது இருக்கும். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, கணவர் இறந்து பல வருடம். “எழுதப் படிக்கத் தெரியாத கழுதைக்கு என்னா படம்?” என்று சிரித்துக்கொண்டே வந்தவர், பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. அவர் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். வாரம் பத்துப் பன்னிரண்டு பேர். பெரியம்மா எதையும் உருவமாக வரைய மாட்டார். பச்சைக் கிரயோனைப் படுக்க வைத்துத் தாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அப்படித் தேய்க்கும்போது அவர் முகத்தில் வந்த அமைதியைப் பார்த்துப் பேசாமல் இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை.

ஆறாவது வாரம் கொழும்பிலிருந்து பார்க்க வருகிறார்கள் என்றார்கள். எந்தச் சங்கம் தனியாக வகுப்பை நடத்தத் தகுதியானது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமில்லை. அவர்கள் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் மிஸ் ஒரு வரவுப் பத்திரத்தை அனுப்பியிருந்தார். ஒவ்வொருவர் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் நேரே கையொப்பம் வேண்டும், முடியாதவர்கள் பெருவிரல் வைக்கலாம். அந்தத் தாள் முழுக்க நீல ரேகைகளாக இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆறு வாரமாக நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டால்? காலையில் அந்த ஒரே எண்ணம்தான் தலைக்குள் சுற்றியது. வாகனம் வருகிறதா என்று வாசலை ஒரு கண்ணால் பார்த்தபடி, பெரியம்மாவின் முன்னால் குனிந்து, பேனையைக் கொடுத்து, அவர் கையைப் பிடித்தேன்.

“விடு புள்ள! கைய விடு!” என்று அவர் கத்தியது வெளியே மலைப்பாதையில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.  நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தூறலில் தலையை மூடாமலே இறங்கிப் போய்விட்டார். அதோடு நிற்கவில்லை. ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் பத்திரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எதுக்கு கையெழுத்து? அட்ட நம்பரு எதுக்கு? லயத்த விட்டு எழுப்பப் போறாங்களா?” என்றார். நான் விளக்க விளக்க, என் குரல் பதறப் பதற, அவர்களுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். விருந்தினர் மிஸ்ஸோடு வந்தபோது மூன்று பேர்தான் மிச்சம். மிஸ் வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “மழைங்க மிஸ். அதான் யாரும் வரல,” என்றேன். வெளியே வெறும் தூறல்தான்.  வந்தவர்கள் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மூன்று நாளும் தண்ணீர்க் குழாயடியில் பெரியம்மா என்னைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சங்கத்தில் யாரும் திட்டவில்லை, அதுவே பெரிய பாரமாக இருந்தது. நாலாம் நாள் அவர் வீட்டு வாசல் இஸ்தோப்பில் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

“எனக்குக் கல்யாணம் முடிஞ்ச புதுசு. விண்ணப்பப் பாரம் நெரப்ப ஒரு ஆளு லயத்துக்கு வந்தாரு. அரிசி கூப்பனுக்குன்னு எங்கப்பா நெனச்சாரு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். தேயில கவ்வாத்து வெட்டிட்டு வந்த கை, குளுருல நடுங்குது, வெரல் சரியா பதியல. நான்தான் அப்பா கையப் புடிச்சு அமுக்குனேன். அது இந்தியாவுக்குப் போற பாரம். அப்பா, அம்மா, தம்பிங்க ரெண்டு பேரு, எல்லாரும் போயிட்டாங்க. நான் கட்டிக்கொடுத்தவ, இங்கயே நின்னுட்டேன். ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்பறம் ஒன்னுமில்ல.”

தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய அந்தக் காலத்துக் கதைகளை நான் கேட்டு வளர்ந்தவள். குடும்பங்கள் பிரிந்ததும், ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறியதும் எனக்குப் பாடமாகவே தெரியும். ஆனால் அந்தப் பாரத்தின் மேல் அழுத்திய ஒரு கை என் பக்கத்து வீட்டில் இருந்தது தெரியாது. நீங்கள் அழுத்தாவிட்டாலும் வேறு யாராவது அழுத்தியிருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது தெரியாதா என்ன? “மன்னிச்சுக்குங்க பெரியம்மா” என்று மட்டும் சொன்னேன். “போயி வேலயப் பாரு புள்ள,” என்றார். மன்னித்தாரா என்று விளங்கவில்லை.

மறுநாள் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மழையைப் பற்றிச் சொன்ன பொய்யையும். இத்தோடு என்னை விலக்கிவிடுவார் என்று தயாராகத்தான் போனேன்.  “கையைப் பிடிக்காதீங்கன்னு சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் பெருவிரல் கேட்டு நானே தாள் அனுப்பினேன். எனக்கும் யோசனை வரல அக்கா,” என்றார். அவர் நடந்ததை அப்படியே கொழும்புக்கு எழுதினார். என் பொய்யையும் விட்டுவைக்கவில்லை. பதில் வரும் வரைக்கும் தொலைபேசி அடித்தபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். முதல் பட்டியலில் எங்கள் சங்கம் இல்லை. இன்னும் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள், தலையை எண்ணி நீங்களே எழுதினால் போதும் என்று வந்தது.

ஐந்து வாரம் பெரியம்மாவின் நாற்காலி காலியாகவே கிடந்தது. மற்றவர்கள் இரண்டு மூன்று பேராகத் திரும்பினார்கள். ஆறாவது வாரம் அவர் வந்து, கதவுக்குப் பக்கத்தில், உடனே எழுந்து போக வசதியாக உட்கார்ந்தார். கறுப்புக் கிரயோனைக் கேட்டு வாங்கினார். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு உருவம் வந்தது. கழுத்துப் பட்டியும் நீண்ட கைகளும் உள்ள ஒரு கம்பளிக் கோட்டு, உள்ளே ஆள் இல்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “என்னா வரஞ்சிருக்கீங்க பெரியம்மா?” என்றேன். “எங்கப்பா கோட்டு. கப்பலுக்குப் போறப்ப போட்டிருந்தாரு. பொத்தான் நாலா அஞ்சான்னுதான் நெனப்பு வரமாட்டேங்குது,” என்றார். அன்றைக்கு நாலு போட்டார்.

மூன்று மாதம் கழித்து அதே விருந்தினர் வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மையார் பெரியம்மா வரைந்த கம்பளிக் கோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, கீழே பெயர் எழுதலாமே என்று அன்பாகத்தான் சொன்னார்.  பெரியம்மா நிமிரவே இல்லை. “அது எங்கப்பாவுதுங்க. என் பேரு எதுக்கு?” என்றார். அம்மையார் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த மாதம் எங்கள் சங்கத்தின் பெயர் பட்டியலில் வந்தது.

மிஸ் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். கினிகத்தேனையிலிருந்தும் திம்புள்ளப் பக்கமிருந்தும் வரும் சங்கத்துப் பெண்களுக்கு நானே பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த அரை நிமிடத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். சொன்னாலும் பயம் விடுவதில்லை. எந்தக் கிழவருக்கு எந்தத் தாள், எந்தச் சொல், என்னத்தைக் கிளறும் என்று யார் கண்டார்? வியாழக்கிழமைகளில் பெரியம்மா பத்து நிமிடம் பிந்தினால் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன்.

அவர் வரைவது இன்னும் அதே கோட்டுத்தான். சில வாரம் நாலு பொத்தான், சில வாரம் ஐந்து. போன வாரம் ஆறு போட்டுவிட்டு, தாளை எட்டப் பிடித்துப் பார்த்து, “இல்ல, இது இல்ல,” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். நான் இன்னொரு தாளை எடுத்து, அவருக்கு எட்டும் தூரத்தில் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.