உளுவை கொண்டுவந்த பழி

மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டில் என் பேரனின் கண்ணாடித் தொட்டியில் ஆறு குட்டி மீன்கள் இருந்தன. நேற்றுக் காலை மூன்றுதான் மிச்சம்.

"மாதேவி, தண்ணி மாத்தறப்போ மீனையும் சேர்த்து ஊத்திட்டியா?" என்று மருமகள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைக் கேட்டாள்.

"இல்லக்கா, சத்தியமா இல்ல."

தொட்டியின் அடியில், மணலோடு மணலாக உளுவை மீன் ஒன்று அசையாமல் கிடந்தது. பேரன் ஆற்றில் பிடித்து வந்தது.

இப்படி ஒரு பழியை முன்பே பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயசு. அப்பாவுக்குக் கட்டட வேலை, இதே மைசூரில்தான் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று பொதுத் தண்ணித் தொட்டியில் குட்டி மீன்கள் விட்டிருந்தார்கள். அப்பா குழம்புக்கு வாங்கி வந்த உளுவைகளில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பாவம் பார்த்து அதைத் தொட்டியில் விட்டேன். நாலு நாளில் குட்டி மீன் ஒன்றுகூட இல்லை.

பழி பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா மேல் விழுந்தது. அவளுக்கு அப்போது மசக்கை. "நாக்கு கேட்டுச்சாக்கும், வறுத்துட்டியாடி?" என்று பெண்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் போனபின்தான் அவள் தண்ணிக்கு வருவாள். அப்பா அடிப்பாரே என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவளோ போகும்போதெல்லாம் என் தலையைத் தடவிவிட்டுப் போவாள். யாருக்கும் தலை குனியாதவள் நான். அந்தக் கைக்குக் கீழே மட்டும் குனிந்திருக்கிறேன்.

"அவள எதுக்குக் கேக்கறே? அந்த உளுவை, மீனைத் தின்னும் மீன். வா, காட்டறேன்" என்றேன் மருமகளிடம். மாதேவியை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். காபி ஆறிப்போகும்வரை மூவரும் தொட்டியையே பார்த்திருந்தோம். உளுவை லபக்கென்று ஒன்றை விழுங்கியபோது, மருமகளுக்கு முன்னால் மாதேவிதான் சிரித்தாள்.