அடுப்படியில்தான் டவர் கிடைக்கிறது

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த மனிதருக்குப் பெண்டாட்டியாக இருப்பது நைட் வாட்ச்மேன் உத்தியோகம். விசில் ஒன்றுதான் தரவில்லை. இதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டாதவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பெட்டியும் சாரும்

என் வீட்டுக்காரர் ஜேக்கப் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வேலூரில் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பும்போது, கூடவே டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். ராத்திரி அவர் தூங்கும்போது அந்தப் பெட்டி நெஞ்சிலிருக்கும் கருவியை விசாரித்து, நடந்ததையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அதற்கு அவர் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும், பெட்டிக்கு டவர் கிடைக்க வேண்டும். எங்கள் பெட்ரூமில் டவர் கிடையாது. ஹாலில் கிடையாது. கிடைக்கிற ஒரே இடம் அடுப்படி ஜன்னல், கிரைண்டருக்குப் பக்கத்தில்.

ஆஸ்பத்திரியில் இந்தப் பெட்டிகளைக் கவனிக்கும் பெண்ணின் பெயர் வெண்ணிலா. அவளுக்கு போன் போட்டு, இதற்கு என்ன வழி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பெட்டியைக் கிச்சன்லயே வைங்க மேடம். சாரையும் பக்கத்துல வெச்சுடுங்க."

மேற்பார்வை

வைத்தேன். மடக்குக் கட்டில் போட்டதும் அடுப்படியில் மீதி இருந்தது நான் ஒருக்களித்து நிற்கிற இடம். இண்டக்‌ஷன் அடுப்பு அவர் நெஞ்சுக்குக் கிட்டே வரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அது பரணுக்குப் போயிற்று. காலையில் கட்டிலைச் சுற்றிப்போய்ப் பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, சட்னி அரைத்தேன். அவர் தலையணையில் முழங்கையை ஊன்றி, கம்பெனியில் பார்ப்பதுபோலவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாய் திறந்தார்: "இன்னா ஸ்டெல்லா, இந்த லைன்ல ப்ரொடக்‌ஷன் ரொம்பக் கம்மியா கீதே."

ஜோலார்பேட்டை விஜயம்

அவர் தங்கை ஜோலார்பேட்டையிலிருந்து அண்ணனைப் பார்க்க வந்தாள். பெட்டி, டவர், வெண்ணிலா என்று ஒன்று விடாமல் விளக்கினேன். காபியைக் குடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள். கட்டிலை ஒரு தடவை பார்த்தாள், கிரைண்டரை ஒரு தடவை பார்த்தாள். "அதெல்லாம் சரி அண்ணி. சண்டை இன்னாத்துக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஜெபம்

சபைப் போதகர் ஜெபிக்க வந்தார். அடுப்படிக்கே அழைத்துப்போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டு, பெட்டியின் மேல் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். ஆள் இந்தப் பக்கம் இருக்கிறார் ஐயா என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தெரியும்மா. ஆனா உண்மையைச் சொல்லப் போறது இதுதானே."

தலைமறைவு

போன மாதம் ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்தவர், நேராகத் தலையணையை எடுத்துக்கொண்டு பெட்ரூமுக்குப் போய்விட்டார். அடுப்படியில் புழுக்கமாம், கரப்பானாம். மறுநாள் ராத்திரியும் அங்கேயே. வெண்ணிலாவிடமிருந்து போன் வந்தது. ரொம்ப மரியாதையாக, இழுத்து இழுத்துக் கேட்டாள்: "சார் ரெண்டு நாளா பெட்டிக்கிட்ட வரலைன்னு காட்டுது மேடம். வீட்ல... எல்லாரும் நல்லா பேசிக்கிறீங்கதானே?"

ஊரில் இருக்கிறவர்கள் கேட்டது போதாதென்று இதுவும். அன்றைக்கு அவர் சாப்பிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் பெட்ரூமைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அடுப்படிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். காலையில் நான் சாம்பாருக்குத் தாளிப்பதற்குள் மறுபடியும் வெண்ணிலா. இந்தத் தடவை இழுக்கவில்லை. கருவியிலிருந்து இதயத்துக்குப் போகிற ஒயரில் கோளாறு காட்டுகிறது, இப்போதே கிளம்பி வாருங்கள், அவருக்கு மயக்கம் ஏதாவது வந்ததா என்று கேளுங்கள் என்றாள். கேட்டேன். திரும்பாமலே பதில் வந்தது: "மயக்கமெல்லாம் இல்ல. கண்ணு ரெண்டும் கொஞ்சம் இருட்டிக்கிச்சு. அதுக்குப் பேரு மயக்கமா?"

ஊருக்கே தெரியும்

அப்புறம்தான் பெட்ரூமுக்கு ஓடிய காரணம் விளங்கியது. மயக்கம் என்று பெட்டி போட்டுக்கொடுத்தால் மெஷின் ஓடுகிற இடத்தில் நிற்க விடமாட்டார்கள், லைன் கையைவிட்டுப் போய்விடும். இந்த வாரக் கடைசியில் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் சரக்குப் பார்க்க வருகிறார், அது முடியட்டும், திங்கட்கிழமை போகலாம் என்றார். ஒயர் தேய்ந்த மிக்ஸியையே நான் திங்கட்கிழமை வரைக்கும் ஓட்டமாட்டேன். கார் சொல்லிவிட்டு, அவருடைய மேனேஜருக்கு லீவு சொல்ல போன் போட்டேன்.

மேனேஜர் நல்ல மனிதர். ஒயர் என்றதும் பதறிவிட்டார். "மூணு நாளைக்கு முன்னாடி லைன் பக்கத்துலயே மயங்கிச் சாய்ஞ்சுட்டாரு மேடம். நாங்கதான் தூக்கித் தோல் கட்டு மேல உக்கார வெச்சோம். வீட்ல சொல்லியாச்சுன்னாரே."

உட்கார்ந்த உத்தியோகம்

அன்றைக்கே வேலூரில் அட்மிட் செய்து, மறுநாள் ஒயரை மாற்றினார்கள். காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நான் அதைக் கேட்டது ஒரு தடவை போதும்.

கம்பெனியில் வேலை போகவில்லை. லைன் போய்விட்டது. சாம்பிள் ரூமில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. இப்போது ராத்திரிகளில் கட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில்தான், ஆள் கட்டிலில்தான். விளக்கை அணைப்பதற்கு முன்னால் பெட்டியின் பக்கம் திரும்பி, தினமும் கடுப்பாக ஒப்பிக்கிறார்: "எழுதிக்கோம்மா வெண்ணிலா. இன்னிக்குப் பூரா உக்காந்துக்கினேதான் இருந்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து நான் கேள்வி மேல் கேள்வி கேட்டும் வாங்க முடியாத பதிலை, ஒரு கேள்வியும் கேட்காத பெட்டி வாங்கிவிடுகிறது. இதைத்தான் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் பொறுமை என்று பாடம் நடத்தியிருப்பார்கள் போலிருக்கிறது, அந்தப் பீரியடில் நான் வாய் பேசியதற்காக வெளியே முட்டி போட்டிருந்தேன்.