ஐங்கரனின் படத்துக்குப் போட்ட மாலை

மங்கையற்கரசி கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மாலை கட்டுவாள். பூ இல்லாத படத்தைப் பார்த்தால் அவளுக்கு மனம் பொறுக்காது.

நகரத்து மியூசியம் ஒன்று எங்கள் ஈழத்துச் சனத்தின் வீட்டுப் படங்களைக் கண்காட்சிக்கு வைக்க நினைத்தது. அந்த வேலையில் எங்கள் சனத்தையே கூட்டுச் சேர்த்துக்கொண்டது. வீடு வீடாகப் போய்ப் படம் கேட்கும் பொறுப்பு மங்கையற்கரசிக்கு. முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்காதவர்கள் அவளை நம்பிக் கொடுத்தார்கள். எல்லாம் காலஞ்சென்ற தாய் தகப்பன்மாரின் படங்கள். இராஜேஸ்வரி அக்கா கொடுத்தது மட்டும் மகன் ஐங்கரனின் படம். ஊரில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். அவன் வரவேண்டும் என்று அக்கா இன்றும் நேர்த்தி வைக்கிறார்.

பூச்சி வரும் என்று மியூசியத்துக்குள் பூ விடமாட்டார்கள். அதனால் மங்கையற்கரசி துணியில் மாலை கட்டிக்கொண்டுபோய், வரிசையாக எல்லாப் படங்களுக்கும் தன் கையாலேயே போட்டாள். கண்ணாடிப் பெட்டியைப் பூட்டினார்கள். தள்ளி நின்று பார்த்தபோதுதான் ஐங்கரனின் படத்திலும் மாலை இருப்பதைக் கண்டாள்.

"பிள்ளை, உந்தப் பெட்டியைத் திற! கெதியாத் திற!"

மியூசியத்தில் வேலை செய்யும் நிரூபா திரும்பினாள். "ஏன் அன்ரி? சோ பியூட்டிஃபுல்!"

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் மாலை போடுவினமோ? அக்கா இப்ப வந்திடுவா!"

"ஓ மை காட். பெட்டிக் கீ என்னோட வேலை செய்யிற கிறிஸ்ரினாட்ட இருக்கு. அவ லஞ்சுக்குப் போயிட்டா."

"முருகா, முருகா" என்றபடி மங்கையற்கரசி வாசலுக்கு ஓடினாள். அக்கா பஸ்ஸால் இறங்கி வந்துகொண்டிருந்தார். கிறிஸ்ரினா திறப்போடு வரும்வரை கோப்பி குடிக்கக் கூட்டிப்போகலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பொய் வாயில் வரவில்லை.

"அக்கா, உள்ளுக்கு வரமுன்னம் ஒண்டு சொல்லோணும். தம்பியின்ர படத்துக்கும் மாலை போட்டிட்டன். யோசிக்கேல்லை அக்கா."

அக்கா உள்ளே போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். படத்தைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று மங்கையற்கரசி நினைத்தாள். இனி எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

கிறிஸ்ரினா வந்து திறந்தாள். மங்கையற்கரசி கழற்றப்போனபோது மாலையின் நூல் சட்டத்தில் சிக்கியது.

"பதறாதை. இழுத்தியெண்டா படம் விழும்" என்றார் அக்கா.

மாலை கழன்றது. அக்கா குனிந்து, படத்தின் கீழே பெயரட்டையில் பிறந்த ஆண்டுக்குப் பின்னால், இறந்த ஆண்டுக்கு இடம் விட்டு இழுத்திருந்த சின்னக் கோட்டை நிரூபாவுக்குக் காட்டினார்.

"பிள்ளை, உந்தக் கோட்டையும் எடுத்துவிடு. அவன் வந்து கண்டானெண்டா என்னோட சண்டை பிடிப்பான்."

நிரூபா பெயரட்டையைக் கழற்றினாள். படம் அங்கேயே இருந்தது.