முற்றத்தில் யாரும் இல்லையென்றால்

ஊரில் ரெஜீனை முயல் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். லிஃப்டில் ஏறமாட்டாள். சினிமாவுக்குப் போனால் கதவோரத்து நாற்காலிதான். அவள் கணவன் மார்சியலுக்குப் பாதாள ரயில் ஓடும் நகரத்தில் வேலை கிடைத்தபோது அவன் போனான், இவள் போகவில்லை. கல்யாணம் அத்தோடு முடிந்தது. திராட்சையைத் தவிர வேறெதுவும் விளையாத ஊரில் பிறந்து, ஐம்பது வயதைத் தாண்டியும் ஒயின் செய்யும் ஒரு நிலவறைக்குள் இறங்காதவள் அவள் ஒருத்திதான். ஆனால் நிலவறை வாசலில் மட்டும் யாரும் அவளைக் கேலி செய்ததில்லை.

பிறவிப் பயம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, திராட்சைப் பறிப்பு முடிந்த ஒரு காலையில், நிலவறையில் பொங்கிக்கொண்டிருந்த சாற்றுத் தொட்டியைக் கிளறப் போன அவள் அப்பா சத்தமே இல்லாமல் அதற்குள் விழுந்தார். தூக்கப் போன சித்தப்பாவும் விழுந்தார், இருவரும் பிழைக்கவில்லை. சாறு புளித்துப் பொங்கும்போது கரியமில வாயு கிளம்பும். அதற்கு நிறம் கிடையாது. காற்றைவிடக் கனமானது என்பதால் தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி இறங்கி அங்கேயே தேங்கும். அதனால் பறிப்புக் காலத்தில் வாயுவை வெளியே தள்ளும் மின்சாரக் காற்றாடியைப் போட்டு, அது வெகுநேரம் ஓடும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் எவரும் நிலவறைப் படியில் கால் வைப்பார்கள். பிரான்சின் பர்கண்டிப் பக்கத்தில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

மார்சியல் போன பிறகு ரெஜீன் வெகுகாலம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். முதுகு வலி வந்ததும் அதை விட்டு, நடைப்பயணம் ஏற்பாடு செய்யும் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டச் சேர்ந்தாள். எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் கையில் வரைபடத்தோடு, வழிகாட்டி யாரும் இல்லாமல், திராட்சைத் தோட்டங்களின் ஊடே ஊர் ஊராக நடப்பார்கள். அவர்களுடைய பெட்டிகளை மாலைக்குள் அடுத்த ஊரில் கொண்டுபோய் வைப்பது அவள் வேலை. திறந்த வெளி, திறந்த ஜன்னல். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

இங்கிலீஷ்தான் வராது. கம்பெனி அலுவலகத்துப் பெண் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் நாலைந்து வாக்கியங்கள் எழுதித் தந்திருந்தாள். ரெஜீன் அவற்றைச் செபம்போல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பத்ரீஸ், எதித் தம்பதியின் வீடு அந்த வருஷம் ஏப்ரலில்தான் கம்பெனியோடு சேர்ந்தது. அந்த வீட்டுக்கான வாக்கியங்கள் இவை: முற்றத்தில் யாரும் இல்லையென்றால் நிலவறைக்கு இறங்குங்கள். அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். தயங்க வேண்டாம், ஒயின் ருசி பார்க்கத் தருவார்கள்.

வசந்தம் முழுக்கச் சொன்னாள், கோடை முழுக்கச் சொன்னாள். அந்த செப்டம்பர் சனிக்கிழமை காலையிலும், நார்வேயிலிருந்து வந்திருந்த ஏய்னாரிடமும் மார்கிட்டிடமும் சொன்னாள். இருவரும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள். ஏய்னார் தலையாட்டிவிட்டு வெண்ணெய் ரொட்டியில் கவனமானார். மார்கிட்தான் சந்தேகப்பட்டாள்.

"வேற ஒருத்தங்க வீடாச்சே. நாங்களா எப்படி உள்ள இறங்கறது?"

ரெஜீனுக்குக் கேள்வி முழுதாகப் புரியவில்லை. ஆனால் மார்கிட்டின் முகம் எதைக் கேட்கிறது என்று தெரிந்தது. சிரித்துக்கொண்டே கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னாள்.

பிற்பகலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவள், வழியில் ரொட்டிக் கடையில் நிறுத்தினாள். கடைக்காரி நிக்கோல் கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். விருந்துக்குப் போகிற அவசரம். பத்ரீஸ் வீட்டிலும் இன்று காலையோடு பறிப்பு முடிந்துவிட்டதாம். பறிக்க வந்தவர்கள், வீட்டுக்காரர்கள் எல்லாரும் மத்தியானத்திலிருந்து ஊர்க்கூடத்தில்தான் இருக்கிறார்களாம்.

"நாய்கூட அங்கதான் இருக்கு. நீ வரலையா?" என்றாள் நிக்கோல்.

"வீட்டுல ஒருத்தர்கூட இல்லையா?"

"எதுக்கு இருக்கணும்? திராட்சை என்ன, எழுந்து ஓடிடவா போகுது?"

ரெஜீன் சிரித்தாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறி, சாவியைச் செருகினாள். அப்படியானால் முற்றத்தில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் மீதி வாக்கியம் தானாகவே மனதில் ஓடியது. முற்றத்தில் யாரும் இல்லையென்றால்.

சாவியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

அவள் பயமெல்லாம் தாய்மொழியிலேயே இருந்தது. நிலவறை என்ற சொல்லைத் தன் மொழியில் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவாள். மனப்பாடம் செய்த அந்த இங்கிலீஷில் அது வெறும் ஒலி. உள்ளே இருக்கும் படிகளை அது அவளுக்குக் காட்டவேயில்லை. பத்ரீஸ் முதலில் பறித்த திராட்சை ஒரு வாரமாகத் தொட்டியில் பொங்கிக்கொண்டிருக்கிறது. ஊரிலேயே அதைச் சொல்லக்கூடாத வாய் ஒன்று உண்டென்றால், அந்த வாய்தான் சொல்லியிருந்தது.

பத்ரீஸின் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. எதித்தும் எடுக்கவில்லை. கூடத்தில் வாத்தியச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஏய்னாரின் எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடித்தது. அவள் முதுகுக்குப் பின்னால், வேனுக்குள், ஏய்னாரின் பெட்டியிலிருந்து அடித்தது.

வண்டியைக் கிளப்பினாள். இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதை. நடையாளர்கள் சுற்றுவழியில் மேட்டுக் காட்டைத் தாண்டி வரவேண்டும். வழியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள், படம் எடுத்திருப்பார்கள், இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஏய்னாரின் கால்கள் நீளமானவை. நேற்றும் அவர்கள் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

திருப்பத்தில் டிராக்டர்கள் வழியை அடைத்தன. வேறொரு வீட்டுப் பறிப்பின் கடைசிச் சுமை ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தது. டேலியாப் பூவும் திராட்சைக் கொடியும் கட்டி, பறிப்புக்காரர்கள் மேலே ஏறி நின்று பாடிக்கொண்டு ஊர்ந்து போனார்கள். ரெஜீன் ஹாரனை அழுத்தினாள். அவர்களும் பதிலுக்கு அழுத்தினார்கள். அவளும் கொண்டாட்டத்தில் சேர்ந்துகொண்டாள் என்று எண்ணி ஒருவன் கையசைத்தான். வேனை அப்படியே விட்டு இறங்கி, முன்னால் இருந்த டிராக்டரை நோக்கி ஓடினாள். அதை ஓட்டியவன் பஸ்தியன். ஒரு காலத்தில் அவள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன பையன். இப்போது ஊரின் தீயணைப்புத் தொண்டர்களில் ஒருவன்.

"பாருங்கப்பா, முயலுக்கே தைரியம் வந்துடுச்சு, ஹாரன் அடிக்குது" என்றான் மேலிருந்து.

"பஸ்தியன், பத்ரீஸோட நிலவறை. ரெண்டு பேர் இறங்கப் போறாங்க. இறங்கிட்டாங்களோ என்னவோ. வெளிநாட்டுக்காரங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. காற்றாடி ஓடல."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தான். முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் தீயணைப்பு வண்டியில் இருக்கின்றன, வண்டி ஊர்க்கூடத்துக்குப் பின்னால் நிற்கிறது, பாதை அடைத்துக் கிடப்பதால் ஆட்கள் மறுபக்கமாகச் சுற்றித்தான் வரவேண்டும் என்றான். ரெஜீன் அதற்குள் கல்சுவரில் ஏறியிருந்தாள். கொடிகளின் நடுவே குறுக்கே இறங்கினால் பத்ரீஸின் வீடு கிட்டத்தில்தான்.

"ரெஜீன், என்ன ஆனாலும் இறங்கிடாதீங்க" என்று பின்னாலிருந்து கத்தினான்.

"எனக்கா சொல்ற?" என்றாள். ஓடினாள்.

முற்றத்தில் யாரும் இல்லை. நிலவறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் இரண்டு நடைக்கோல்கள் சாய்ந்திருந்தன. பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ், ஆணுடையது, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. பிறர் வீட்டுக்குள் மண் கொண்டுபோகக் கூடாது என்று கழற்றிய பூட்ஸ்.

மார்கிட் பூட்ஸைக் கழற்றியிருக்கவில்லை. காலையில் போலவே தயங்கி, அவரை மட்டும் அனுப்பிவிட்டு வெளியில் நின்றிருக்கவேண்டும். இப்போது அவள் படிகளில் இருந்தாள். ஒரு கை சுவரில், நரைத்த தலை ஒவ்வொரு படியாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. கணவன் பெயரைச் சொல்லி மெதுவாக, வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாகிவிடக்கூடாது என்பதுபோல, கூப்பிட்டுக்கொண்டே இறங்கினாள். அடியில் ஒரு மங்கல் விளக்கு. அதன் கீழே காலுறைகளோடு இரண்டு பாதங்கள். குறட்டைபோல் ஒரு சத்தம் வந்தது.

வாசலருகே இருந்த காற்றாடி விசையை ரெஜீன் தட்டினாள். மோட்டார் முனகி ஓடத் தொடங்கியது. ஓடினால் போதாது, வாயு வடிய நேரமாகும். எந்தப் படிவரை தேங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மார்கிட் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் ஒரு படி இறங்கினாள்.

ரெஜீன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காலைத் தூக்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் வைத்தாள். மறு காலையும் சேர்த்து இழுத்து, ஒரு படி, இன்னொரு படி, அதற்கும் கீழே ஒன்று என்று இறங்கி, மார்கிட்டின் முதுகுப்பை வாரைப் பிடித்து முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தாள். இருவரும் படியில் விழுந்தார்கள். விழுந்தபடியே இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தாள்.

அங்கேதான் சண்டை தொடங்கியது. மார்கிட் இவளைவிட உயரமானவள், மலை ஏறிப் பழகியவள். கீழே குறட்டை அவளுக்கும் கேட்டது. உயிரோடு இருக்கிறார் என்பது அவளுக்கும் தெரிந்தது. ரெஜீன் அவள் இடுப்பைச் சுற்றி இரு கைகளையும் கோத்துக்கொண்டாள். ஏன் போகக்கூடாது என்று சொல்ல அவளிடம் இங்கிலீஷ் இல்லை. இறங்கச் சொல்லத்தான் இருந்தது. "வேண்டாம், வேண்டாம்" என்று தன் மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். மார்கிட் முழங்கையால் இடித்தாள். மணிக்கட்டைக் கடித்தாள். பல் ஆழமாக இறங்கியது.

அப்பா விழுந்த அன்று, ஓடி வந்த அம்மாவைக் கசாப்புக் கடைக்காரரின் மனைவி தரையில் தள்ளி, அவள்மேல் உட்கார்ந்துகொண்டாள். பாரமான பெண். அம்மா சாகும்வரை அவளோடு பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். போகவிட்டிருந்தால் நான் காப்பாற்றியிருப்பேன் என்று கடைசிவரை நம்பினாள். அந்தப் பெண் செய்தது சரியா என்று ரெஜீன் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கவும் பயந்தாள். இப்போதும் யோசிக்கவில்லை. குறட்டையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

தீயணைப்பு வண்டி வந்தபோது அதில் இருந்தவர்கள் விருந்துச் சட்டையிலேயே இருந்தார்கள். டிராக்டரை ஒதுக்கிவிட்டு அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்த பஸ்தியனும் இன்னொருவனும் முகமூடி போட்டு இறங்கி, ஏய்னாரை அக்குளில் பிடித்துத் தூக்கி வந்தார்கள். முகம் சாம்பல் நிறம். பிராணவாயுக் குழாயைப் பொருத்தினார்கள். பிறகு அவர் உடம்பு ஒருமுறை உலுக்கிப்போட்டது, இருமினார், வாந்தியெடுத்தார். மார்கிட் அவரிடம் போகத் திமிறினாள். இனி போகலாம், ஆனால் ரெஜீனின் கைகள் பிரியவில்லை. பஸ்தியன் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குள் பத்ரீஸும் எதித்தும் ஓடி வந்துவிட்டார்கள். நான் கதவைப் பூட்டியிருக்க வேண்டும் என்று பத்ரீஸ் சுவரில் கையை அடித்துப் புலம்பினார். திஜோன் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பின்னாலேயே வந்த ஆம்புலன்ஸ் வண்டியில் ஏய்னாரை ஏற்றினார்கள். உயிருக்கு உத்தரவாதம் என்று யாரும் சொல்லவில்லை.

ரெஜீன் பஸ்தியனின் சட்டையைப் பிடித்தாள். "உனக்கு இங்கிலீஷ் வருமில்ல. அந்தம்மாகிட்ட சொல்லு. கீழ இறங்கச் சொன்னது நான்தான்னு."

"இப்ப எதுக்கு அது? அவர் முதல்ல பிழைக்கட்டும்."

"இப்பவே சொல்லு. விட்டா நான் எப்பவும் சொல்ல மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவன் சொன்னான். தரையைப் பார்த்தபடி சுருக்கமாகச் சொன்னான். மார்கிட் கேட்டுக்கொண்டு நின்றாள். காலையில் மேசையில் தான் கேட்ட கேள்வி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ரெஜீனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மணிக்கட்டில் தன் பல் பதிந்த இடத்தையும். பஸ்தியனிடம் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"அதை அப்புறம் பேசிக்கலாமாம்" என்றான் பஸ்தியன். "வண்டியில தனியா ஏற பயமா இருக்காம். ஆஸ்பத்திரியில பாஷையும் தெரியாது. நீங்க கூட வருவீங்களான்னு கேக்கறாங்க."

வண்டியின் பின்பக்கம் தாழ்வாக, ஜன்னல் இல்லாமல் இருந்தது. ரெஜீன் உள்ளே பார்த்தாள். மார்கிட் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினாள். ரெஜீனும் ஏறினாள். கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியிலிருந்து யாரோ அதைச் சாத்திவிட்டார்கள்.

கண்ணை மூடிக்கொண்டாள். முகமூடிக்குள் ஏய்னார் ஒரு மூச்சு இழுத்து விடுவது கேட்டது. அடுத்த மூச்சு வருகிறதா என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.