நாற்பத்தேழுக்கு ஒரு சீல்

ரத்தம் எடுப்பது சுலபம். அது என்ன சொல்கிறது என்று குடும்பத்துக்கு எடுத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில், குரோமோசோம் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்லும் மேஜை என்னுடையது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லியே தொண்டை வறண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பாஸ்

கச்சிராயபாளையத்திலிருந்து மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் செல்வியின் மடியில் ஆறு மாதக் குழந்தை. டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டருக்கு இருந்த சந்தேகம் ரிப்போர்ட்டில் உறுதியாகியிருந்தது. நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு இருக்கிறது என்றேன், முடிந்தவரை மெதுவாக. செல்வி தலை குனிந்தாள். மாமியார் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"முப்பத்தஞ்சுக்கு மேல இருக்குதே, பாஸ்தானுங்களே?"

கட்டு

அவர் கரும்பு வெட்டப் போகிறவர். அதனால் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, முறுக்கிக் கரும்புக்குப் போடுகிற கட்டையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். கருமுட்டையில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியோடு கட்டிக் கிடக்கும். கட்டு என்பது ஒரு புரதம். இரண்டு பக்கமும் இழுகயிறு மாட்டியாயிற்றா என்று பார்க்க வேறு புரதங்கள். எல்லாம் மாட்டிய பிறகுதான் இன்னொரு புரதம் வந்து கட்டை அறுக்கும், ஜோடி பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும். முன்னாடியே நெகிழ்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம்; அப்படித்தான் பிள்ளைக்கு ஒன்று கூடிவிடுகிறது. மாமியார் கவனமாகக் கேட்டார்.

"கெரகணத்துல வெளிய சுத்துனா அந்தக் கட்டு அவுந்துடுமா மேடம்?"

சம்பந்தி

கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள் என்பதுதான் செல்வி மேல் வீட்டில் இருந்த குற்றச்சாட்டே. பிள்ளையோடு நைனார்பாளையத்து அம்மா வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த வாய் நிற்குமா? அந்தக் கட்டு, செல்வி தன் அம்மா வயிற்றில் இருந்தபோதே போட்டது, தானாக நெகிழ்வதுண்டு என்றும் சொல்லிவைத்தேன். மாமியார் முகம் தெளிந்தது.

"அப்போ சரியா கட்டாதது சம்மந்தியம்மாவா?"

சீல்

வயலில் கட்டு அவிழ்ந்தால் யாரைத் திட்டுவீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கட்டுனவளத்தான்" என்றார். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அப்போதுதான் செல்வி முதல்முறையாக வாய் திறந்தாள். "இன்னா சொன்னாலும் வூட்டுக்குப் போனா மாறிடும் மேடம். யார் மேலயும் தப்பு இல்லன்னு அந்தப் பேப்பர்லயே எழுதி சீல் வச்சிக் குடுத்துடுங்க."

எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். சீல் வட்டமாக இருக்கிறதா என்று மாமியார் பார்த்து வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் குழந்தையின் இதய ஸ்கேனுக்கு மூவரும் ஒன்றாகவே வந்தார்கள். அந்தக் காகிதம் லேமினேட் ஆகியிருந்தது. கிரகணத்தைப் பற்றி ஆரம்பித்த பக்கத்து நாற்காலிக்காரம்மாவிடம் மாமியார் அதை நீட்டினார்.

"சீலே வச்சிட்டாங்க, எம்மருமவள இனிமே யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

நான் படித்த மரபியல் அரை மணி நேரம் மூச்சு முட்டப் பேசியும் நடக்காத காரியம், ரப்பர் ஸ்டாம்பின் ஒரே குத்தில் நடந்துவிட்டது.