கோட்டானின் கோலிப் போர்வை

இருபது வருடமாக இரவெல்லாம் கிடங்கு வாசலில் கொட்டக் கொட்ட விழித்திருந்த காவல்காரருக்குக் கோட்டான் என்றே பெயர். அப்பேர்ப்பட்ட கோட்டானுக்குப் பகல் தூக்கம் போய் இரண்டு மாதமாயிற்று. பகலெல்லாம் கட்டிலில் புரளுவார். ராத்திரி நாற்காலியில் தூங்கி வழிவார். மேனேஜர் இருமுறை கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். "இன்னொரு தடவை பார்த்தேன், அப்படியே வீட்டுக்குக் கிளம்பிடலாம்" என்று சொல்லியும் விட்டார். அந்தப் பயத்தில், வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் ஓடிப்போனது.

கனமான போர்வை போர்த்தினால் தூக்கம் தானாக வரும் என்று யாரோ சொன்னார்கள். விடுவாரா மனுஷன்? பழைய திரைச்சீலை இரண்டையும், மகன் சின்ன வயதில் ஜெயித்துச் சேர்த்த இரண்டு டின் கோலிக்குண்டையும் எடுத்துக்கொண்டு, தையற்காரியான மனைவியின் மெஷினில் உட்கார்ந்தார்.

"கட்டம் கட்டமா தைங்க. இல்லேன்னா எல்லாம் ஒரே பக்கம் உருண்டுடும்" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு."

கட்டமாவது ஒன்றாவது! ஒரே பெரிய பையாகத் தைத்தார். போதாக்குறைக்கு ஓரத்தில் இரண்டு பட்டன் வைத்து ஒரு வாசல். காவல்காரர் இல்லையா, வாசல் வைக்காமல் எதையும் மூட மனசு வரவில்லை.

காலை பத்து மணிக்குப் போர்த்திப் படுத்தார். ஒரே ஒரு முறைதான் புரண்டார். கோலி மொத்தமும் கடகடவென்று ஒரு பக்கம் ஓட, போர்வை சரிந்தது. அதைப் பிடிக்கப் போன அவரும் பொத்தென்று விழுந்தார். மனைவி சிரித்த சிரிப்பில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிரவு குளிருக்கு அதையே மடியில் போட்டுக்கொண்டு கிடங்கு வாசலில் உட்கார்ந்தார். விடியும் நேரம் கண் சொக்கியது. போர்வை நழுவி, பட்டன் பிய்ந்து, இரண்டு டின் கோலியும் சிமென்ட் தரையில் சடசடவென்று கொட்டியது. பதறி எழுந்தவர் என்ன ஏதென்று பார்க்காமல் விசிலை ஊதித் தள்ளினார். எதிரே, பூனை மாதிரி பதுங்கி வந்த மேனேஜர் கோலியில் கால் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

கோட்டானுக்கு உயிரே போய்விட்டது. தொலைந்தது வேலை.

"என்னய்யா இது?"

"திருடன் வந்தா வழுக்கட்டும்னு, சார்..."

மேனேஜர் இடுப்பைத் தடவிக்கொண்டே யோசித்தார். "மத்த மூணு கேட்டுக்கும் இதே மாதிரி செஞ்சு குடு."

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். மனைவி துணியை அளந்தபடியே, "கட்டம் கட்டமா தைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம் தாயே! நான் தைச்ச மாதிரியே கேவலமா தை."

"அது சரி, உங்க தூக்கத்துக்கு என்ன வழி?"

கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், எதையும் போர்த்தாமல், மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.