ரோனாவின் கோபமும் எட்டு வீட்டுப் படிக்கட்டும்

ரோனா கால்பிரெய்த் கோபப்படாமல் இருந்த நாளை நான் பார்த்ததில்லை. எங்கள் துறைமுக ஊரான கிரீனக்கில் இருபது வருடம் பஸ் ஓட்டியவள். டிக்கெட்டுக்குக் காசில்லாத பள்ளிப் பிள்ளையை மழையில் இறக்கிவிடச் சொன்ன மேலாளரின் மேசைமேல் சாவியை எறிந்துவிட்டு வந்தவள். இப்போது எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு ஆனதும் ஒரு வாடகை வீட்டின் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த முதல் வீடு அவர்கள் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு. வீடு போனால் வீடில்லாதவர்களுக்கான விடுதி, விடுதியும் சரிப்படாவிட்டால் கடைவாசலில் படுக்கை. அப்படிப் போன பிள்ளைகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ரோனா எழுந்து வெளியே போய்விடுவாள்.

அப்படிச் சாவி வாங்கிய டெமி லாஃபர்ட்டி இலையுதிர்காலத்தில் குடிபோனாள். மூன்றாம் மாடி, ஒற்றை அறை, ஜன்னலில் தூரத்தே ஆற்றின் முகத்துவாரம். இறைச்சி அடைத்த ரொட்டி சுடும் பேக்கரியில் வேலை. வாடகை ஒழுங்காகப் போனது. எங்களுக்கு அவளைப் பற்றிக் கவலையே இல்லை. ஈஸ்டர் நெருங்கும்போது அந்த வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுவசதிச் சங்கத்திலிருந்து போன் வந்தது. டெமியின் மேல் புகாராம். வாராவாரம் விடியுமுன் படிக்கட்டில் வாளியை இழுத்துக் கட்டடத்தையே எழுப்புகிறாளாம். முதல் வருடம் சோதனைக் காலம். அதில் இப்படி ஒரு புகார் நின்றுவிட்டால் காலி செய்யச் சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

அன்றைக்கே ரோனாவும் நானும் போனோம். டெமி கதவைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, விடியுமுன்னாடி எதுக்கு வாளிய உருட்டற?"

"அஞ்சரைக்கு பேக்கரியில இருக்கணும், ரோனா. சாயங்காலம் வந்தா கை தூக்க முடியல."

"அது சரி. வாராவாரமா கழுவுவாங்க? உன் முறை வந்தாத்தானே கழுவணும்."

"என் முறைதான் வந்துட்டே இருக்கே," என்று டெமி தன் கதவின் கைப்பிடியைக் காட்டினாள்.

அங்கே அட்டை தொங்கியது. 'படிக்கட்டு கழுவுவது இந்த வாரம் உங்கள் முறை.' எங்கள் ஊர்ப் பழைய அடுக்குவீடுகளில் இந்த அட்டை வாசல் வாசலாகச் சுற்றும். கழுவி முடித்தவர் அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. அம்மா மாட்டுவதைப் பார்த்து நாமும் மாட்டுவோம், அவ்வளவுதான். டெமி யாரைப் பார்த்திருப்பாள்?

"கழுவினப்புறம் இத ஏன் எடுத்துப் பக்கத்து வீட்ல மாட்டல?"

"ஹோம்ல கதவுல மாட்டினத நாங்க தொடக் கூடாது. ஸ்டாஃப் வந்துதான் எடுப்பாங்க. தொட்டா அந்த வாரம் வெளிய விடமாட்டாங்க." டெமி தரையைப் பார்த்துப் பேசினாள். "யாராவது வந்து எடுப்பாங்கன்னு பார்த்தேன். யாரும் எடுக்கல. அப்ப இன்னும் நான்தான்னு நினைச்சுக்கிட்டேன்."

ரோனாவின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது. எட்டு வீடு. குளிர்காலம் முழுக்க ஏழு வீட்டுக்காரர்கள் சுத்தமான படியில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒரே கதவில் அட்டை தொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஏனென்று கேட்க வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சங்கத்தின் அலுவலகத்தில் கூட்டம். அதிகாரி டன்லப் சின்ன வயதுக்காரர், எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவர். புகார் கொடுத்தவர் டெமிக்கு எதிர்வாசல் கில்லிஸ், ஓய்வுபெற்றவர், தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா மனுஷன் தூங்க வேணாமா?" என்றார் அவர்.

"தாராளமா தூங்குங்க," என்றாள் ரோனா. "கடைசியா நீங்க எப்ப மாப் புடிச்சீங்க, மிஸ்டர் கில்லிஸ்?"

"அட்டை என் வாசலுக்கு வரலையே."

"ஏன் வரலன்னு அந்தப் புள்ளையக் கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? அவளுக்குப் பிடிச்சுத்தான் செய்யறான்னு விட்டுட்டோம். ஹோம்ல வளந்ததுங்களுக்கு வேலை செஞ்சு பழக்கம்தானே."

ரோனா மேசையில் ஓங்கி அடித்தாள். டன்லப்பின் தேநீர் சிந்தியது. அவர் அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம். டெமி இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் கழுவட்டும். புகார் பாட்டுக்கு இருக்கட்டும், மறுபடி வராத வரைக்கும் பிரச்சினை இல்ல."

"ரெண்டு பக்கமா? ஏழு வீட்டு அழுக்க ஒருத்தி தலையில கட்டிட்டு, சத்தம் வருதுன்னு அவளையே தெருவுக்கு அனுப்பப் பாக்கறீங்க. இதுல எங்கய்யா ரெண்டு பக்கம்?"

ரோனா இன்னும் கத்தியிருப்பாள். ஆனால் அதற்குள் டெமி பேசிவிட்டாள், கில்லிஸைப் பார்த்து.

"மன்னிச்சுக்கங்க. இனிமே ஷூ போடாம கழுவறேன். வாளிக்கு அடியில துணி கட்டிக்கறேன். சத்தமே வராது. வீட்ட மட்டும் எடுத்துறாதீங்க."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கில்லிஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டன்லப் பேனாவை எடுத்து, புகார் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதி அவர் முன்னால் தள்ளினார். கில்லிஸ் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை, அதை டெமியே கேட்டுமுடித்திருந்தாளே.

திரும்பி வந்து மூன்றாம் மாடி ஏறியதும் ரோனா அட்டையைக் காட்டினாள். "நீயே எடு. எதிர்வாசல்ல மாட்டு."

"அவர் கோவிச்சுக்குவார்."

"கோவிச்சுக்கட்டும்."

"கோவிச்சுக்கிட்டாலும் இது என் வீடுதானா?"

"உன் வீடுதான், கண்ணு."

டெமி மாட்டினாள். மாட்டிய கையோடு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். காரில் ரோனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள், நடுநடுவே எழுத முடியாத வசவுகளோடு.

பத்து நாள் போயிருக்கும். மேசையில் ரோனாவின் போன் அடித்தது. டெமியின் குரல் எனக்கும் கேட்டது.

"அட்டை இன்னும் அவர் கதவுலயேதான் தொங்குது, ரோனா. யாரும் கழுவல. படியெல்லாம் சேறு, யாரோ சிப்ஸ் வேற கொட்டியிருக்காங்க. வாளி என் வாசல்லயேதான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் தொடல."

"தொடாத," என்றாள் ரோனா. "நாறட்டும்."